கண்டவரும் பிடித்தவரும்

லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவில் 1882இல் திறக்கப்பட்ட ஓவியக் கூடம் ஒன்று இருக்கிறது. சுவரே தெரியாதபடி சட்டத்தோடு சட்டம் ஒட்டி எண்ணூறுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள். அத்தனையும் ஒரே பெண் வரைந்தவை. அவர் பெயர் மரியான் நார்த். 1830இல் பிறந்து 1890இல் இறந்தவர். மணம் செய்துகொள்ளாதவர். நாற்பது வயதுக்குப் பிறகு தனியாக உலகம் சுற்றி, செடிகளை அவை வாழும் இடத்திலேயே வரைய முயன்றவர். கூடத்தைக் கட்டும் செலவையும் அவரே ஏற்றார். எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார்.

அங்கே 561ஆம் எண்ணுள்ள ஓவியத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'போர்னியோ, சரவாக்கின் சுண்ணாம்புக்கல் மலைகளிலிருந்து ஒரு புதிய குடுவைச் செடி' என்று வரும். கருஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்த பெரிய குடுவைகள் அதில் இருக்கின்றன. 1876இல் வரைந்தது. அந்தச் செடிக்கு அப்போது அறிவியல் பெயர் கிடையாது. இன்று அதன் பெயர் நெப்பந்தஸ் நார்த்தியானா.

அந்தக் கூடத்துக்கு நான் போனதில்லை. அச்சிலும் திரையிலும் பார்த்ததோடு சரி. ஆனாலும் பல வருடங்களாக அந்த ஓவியத்தைப் பற்றிப் பேசிவந்திருக்கிறேன். பெண் எழுத்து, பெண் வரலாறு என்று எந்தக் கல்லூரியில் கூப்பிட்டாலும் என் ஸ்லைடுகளில் அது ஒன்றாக இருக்கும். 'உலகம் அறியாத ஊனுண்ணித் தாவரத்தைக் கண்டுபிடித்த பெண்' என்று கீழே எழுதியிருப்பேன். மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கைதட்டலும் வரும்.

அப்படி ஒரு கூட்டத்தில், மலைக் கிராமத்திலிருந்து படிக்க வந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேம், அந்தப் பாறையில ஏறிப் பறிச்சது யாரு? அவங்களேவா?"

"இல்லம்மா, ஒருத்தர் கொண்டுவந்து குடுத்தார்."

"அவருக்கு யாரு மேம் காட்டுனா?"

எனக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அவளே பக்கத்தில் வந்து நின்றாள். மூலிகை தேடி வந்தவர்களுக்கு அவளுடைய அம்மாச்சி மூன்று நாள் கூடவே நடந்து செடிகளைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். பிறகு புத்தகம் வந்தது. உள்ளூர் மக்களுக்கு நன்றி என்று முன்னுரையில் ஒரு வரி இருந்தது. "அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது மேம். நான்தான் வாசிச்சுக் காட்டுனேன். 'எம் பேரு எங்கடி இருக்கு'ன்னு கேட்டாங்க."

அந்த ஸ்லைடை நான் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கட்டுரை அந்த மறுவாசிப்பு.

கை மாறிய செடி

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 1876இல் மரியான் சரவாக்குக்குப் போகிறார். அப்போது அந்த நாட்டை ஆண்டவர் சார்லஸ் புரூக் என்ற ஆங்கிலேய 'ராஜா'. அவருக்கு முன் அவருடைய தாய்மாமன் ஜேம்ஸ் புரூக். கூச்சிங்கில் ஆற்றங்கரை அரண்மனையில் ராஜாவுக்கும் ராணி மார்கரெட்டுக்கும் மரியான் விருந்தாளி. அங்கிருந்து மத்தாங் மலைக்கும், பாதரசச் சுரங்கம் இருந்த டெகோராப் பக்கத்துக்கும் போய்த் தங்கி வரைகிறார்.

அப்போதுதான் போர்னியோ கம்பெனியைச் சேர்ந்த எவரெட் என்ற ஆங்கிலேயர் அந்தக் குடுவைச் செடியைக் கொண்டுவருகிறார். பாதையில்லாத காட்டில் பாம்புகளுக்கும் அட்டைகளுக்கும் நடுவே போய் ஓவியருக்காகக் கொண்டுவந்தார் என்று அக்காலத்துப் பதிவு ஒன்று சொல்கிறது. மரியான் அந்த நீண்ட கொடிகளைத் தாழ்வாரத்தில் தோரணம் போலச் சுற்றிக் கட்டிவைத்து, இருந்ததில் பெரிய குடுவையைப் பார்த்து வரைகிறார்.

ஓவியம் லண்டனுக்குப் போகிறது. செடிகளை விற்றுப் பெரும் பணம் பார்த்துக்கொண்டிருந்த நர்சரி முதலாளி ஹாரி வீச் அதைப் பார்க்கிறார். வசதியானவர்கள் கண்ணாடி வீடுகள் கட்டி ஆர்க்கிட்டையும் குடுவைச் செடியையும் போட்டி போட்டு வளர்த்த காலம் அது. வீச் உடனே சார்லஸ் கர்டிஸ் என்ற செடி சேகரிப்பவரை அனுப்புகிறார். எந்த மலை, எந்த இடம் என்ற விவரம் அவரிடம் இல்லை. தேடித் தேடிக் கைவிடப்போன நேரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார், கீழே பாறைச் சுவரில் செடி தெரிந்தது என்று அவருடைய கதை பின்னாளில் எழுதப்பட்டது. விதைகள் இங்கிலாந்துக்குப் போயின. 1881இல் கியூவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்த்தியானா என்று பெயரிட்டு 'தி கார்டனர்ஸ் கிரானிக்கிள்' இதழில் வெளியிட்டார்.

தமிழில் இதற்கெல்லாம் நாம் 'கண்டுபிடிப்பு' என்று சொல்கிறோம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முதலில் காண்பது, பிறகு பிடிப்பது. இரண்டு செயல்களை ஒட்டவைத்த சொல். மரியான் கண்டார், கர்டிஸ் பிடித்தார், ஹூக்கர் பெயர் வைத்தார், வீச் விற்றார் என்று இதை முன்பு சுருக்கிச் சொல்வேன். ஒரு பெண்ணின் பார்வையை மூன்று ஆண்கள் தங்கள் வேலையாக மாற்றிக்கொண்ட கதை என்பது அப்போதைய என் வாசிப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த உண்மை எதுவரை போகிறது என்று முதலில் பார்ப்போம்.

பெயரின் இலக்கணம்

அறிவியல் பெயர்களுக்கு லத்தீன் இலக்கணம் உண்டு. ஓர் ஆணின் பெயரைச் செடிக்கு வைத்தால் பெரும்பாலும் இகரத்தில் முடியும்: வீச்சின் பெயரால் 'வீச்சியை', கர்டிஸின் பெயரால் 'கர்டிசியை'. பெண்ணின் பெயரென்றால் ஏகாரத்தில் முடிய வேண்டும். மூன்றாவது வழி, பெயரைப் பெயரடையாக்கி '-இயானா' சேர்ப்பது. இந்த '-இயானா' மனிதரின் பாலைக் காட்டாது. செடியின் பேரினப் பெயர் லத்தீனில் எந்தப் பாலோ அந்தப் பாலுக்கு ஏற்ப மாறும். நெப்பந்தஸ் பெண்பால் சொல். அதனால்தான் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பெயரில் அமைந்த இனமும் 'ராஃபிளீசியானா' என்று ஆகாரத்தில் முடிகிறது.

'நார்த்தியானா' என்பதிலுள்ள பெண்மை செடியின் இலக்கணத்தைச் சேர்ந்தது. மரியானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நார்த் என்பவர் ஆணா பெண்ணா என்று அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றுக்குப் பின்னாளில் வைக்கப்பட்ட 'நிஃபோஃபியா நார்த்தியே' என்ற பெயரில்தான் அவர் பெண்ணாகத் தெரிகிறார்.

இன்னொரு போர்னியோச் செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1878இல் கினபாலு மலையில் வீச் நர்சரிக்காகச் செடி சேகரித்தவர் ஃபிரெடெரிக் பர்பிட்ஜ். அங்கிருந்து வந்த ஒரு குடுவைச் செடிக்கு 'பர்பிட்ஜியே' என்று பெயர். இது தெளிவாகப் பெண்ணைக் குறிக்கும் பெயர், அவருடைய மனைவியின் நினைவாக வைத்தது. ஆனால் அதிலும் நிற்பது கணவனின் குடும்பப் பெயர்தான். அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் செடியில் இல்லை. ராஜா ஜேம்ஸ் புரூக்குக்கு மட்டும் பெயரும் வேண்டியிருக்கவில்லை, 'நெப்பந்தஸ் ராஜா' என்று பட்டமே செடிக்குப் பெயராகிவிட்டது.

லண்டனின் லின்னேயஸ் சங்கம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுத்தது 1904இல். 1881இல் ஒரு செடிக்குப் பெயராக இருக்க மரியானுக்குத் தகுதி இருந்தது. அந்தச் செடியைப் பற்றிப் பேசும் சபையில் உறுப்பினராக உட்கார அனுமதி இல்லை. மரியாதை செய்தபடியே வாசலில் நிறுத்திவைக்கும் முறை நமக்கும் பழக்கமானதுதான்.

கூடம் கட்டும்போதும் இதுவே நடந்தது. பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீரோ காப்பியோ கொடுக்க வேண்டும் என்று மரியான் விரும்பினார். ஹூக்கர் மறுத்தார். மரியான் வாதாடவில்லை. தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் கதவுகளுக்கு மேலே வரைந்துவைத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

ஹெலனின் கோப்பை

குடுவை பூவும் இல்லை, காயும் இல்லை. அது இலையின் ஒரு பகுதி. இலையின் நடு நரம்பு நுனியைத் தாண்டிப் பற்றுக்கம்பியாக நீளும், அதன் முனை வீங்கிக் குடுவையாகும். மேலே மழையைத் தடுக்கும் மூடி. வாயைச் சுற்றி வரிவரியான வளையம். அது நனைந்தால் எறும்பின் கால் நிற்காது. உள்ளே விழுந்த பூச்சியைச் செரிக்கும் நீர்மம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் மண் அதிகம் கிடையாது, உரமும் கிடையாது. அந்தக் குறையைச் செடி ஈடுகட்டிக்கொள்ளும் வழி இது. அந்த நீரிலேயே கொசுப் புழுக்கள் செரிக்கப்படாமல் வாழ்வதும் உண்டு.

இந்த எளிய ஏற்பாட்டின் மீது ஆண்கள் ஏற்றிவைத்த கற்பனைகள் ஏராளம். நெப்பந்தஸ் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இலங்கைச் செடியை மனத்தில் வைத்து லின்னேயஸ் 1737இல் அச்சேற்றிய பெயர். ஹோமரின் ஒடிசியில் ஹெலன் விருந்தினர்களின் மதுவில் துயரம் மறக்கவைக்கும் மருந்தைக் கலக்குகிறாள். அந்த மருந்துக்கு நெப்பந்தே என்று பெயர். நெடும்பயணம் செய்து களைத்த தாவரவியலாளன் இச்செடியைக் கண்டால் பட்ட பாடெல்லாம் மறந்துபோவான் என்பது லின்னேயஸின் விளக்கம். அவர் மனக்கண்ணில் பயணம் போகிறவன் ஆண், அவனை மயக்கும் கோப்பை ஹெலனுடையது.

ஆனால் ஒடிசியில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அந்த மூலிகையை ஹெலனுக்குக் கொடுத்தவள் பாலிடாம்னா என்ற எகிப்தியப் பெண். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கைமாற்றிய மருந்தறிவு அது. ஹெலன் செடியின் பெயரில் நிலைத்துவிட்டாள். கொடுத்தவளை நினைப்பவர்கள் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பை வாயாக மாறியது. ஊனுண்ணித் தாவரங்களின் செரிமானத்தைப் பற்றி ஹூக்கர் பெல்ஃபாஸ்டில் உரையாற்றியது 1874இல். டார்வினின் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' 1875இல் வெளிவந்தது. அதே 1874இல் ஒரு நியூயார்க் நாளேடு, மடகாஸ்கரில் மனிதரைத் தின்னும் மரம் இருப்பதாகவும் அதற்கு ஒரு பெண்ணைப் பலியிட்டதாகவும் கட்டுக்கதை ஒன்றை வெளியிட்டது. மயக்கி இழுத்து விழுங்கும் செடி, பெண்ணைப் பற்றிய பழைய பயத்துக்குக் கிடைத்த புது உடுப்பு.

அதே வருடங்களில் இரண்டு பெண்கள் இத்தகைய செடிகளைப் பயமோ மயக்கமோ இல்லாமல் பார்த்தார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் மேரி டிரீட், கணவரைப் பிரிந்து அறிவியல் கட்டுரைகள் எழுதிப் பிழைத்தவர். நீரில் வளரும் பூச்சியுண்ணித் தாவரத்தின் பொறி எப்படி இரையைப் பிடிக்கிறது என்பதை மணிக்கணக்காக நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். டார்வின் தம் நூலில் அவருடைய பெயரைச் சொல்லி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மரியான். அவருடைய குடுவை யாரையும் மிரட்டுவதில்லை. தன் எடையில் தானே தொங்கும் ஓர் இலையாகத் தெரிகிறது. வெள்ளைத் தாளில் வெட்டிவைத்த மாதிரியாகச் செடியை வரையும் வழக்கத்திலிருந்து விலகி, சூழலோடு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது அவருடைய பலம். கலை என்று ஓவியர்களும், அறிவியல் என்று தாவரவியலாளர்களும் அதைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள் என்றால் குறை சட்டகத்தினுடையது.

தாழ்வாரம்

இதுவரை சொன்னதெல்லாம் என் பழைய ஸ்லைடுக்கு ஆதரவான வாதங்கள். இனிமேல்தான் சிக்கல்.

மரியான் வரைந்தது தாழ்வாரத்தில். 'சுண்ணாம்புக்கல் மலைகளிலிருந்து' என்று தலைப்பு சொல்கிறது, செடி அங்கிருந்து வந்ததுதான். மரியான் அந்தப் பாறைக்குப் போகவில்லை. அவருடைய பெரும்பாலான ஓவியங்களுக்குப் பொருந்தும் 'செடியை அதன் இடத்திலேயே வரைந்தவர்' என்ற புகழ், எந்த ஓவியத்துக்காக அவரை நான் கொண்டாடினேனோ அதற்கு மட்டும் பொருந்தவில்லை.

இதை அவர் மறைக்கவில்லை என்பதுதான் முக்கியம். அவருடைய தன்வரலாறு, இறந்த பிறகு 1892இல், தங்கை கேத்தரின் தொகுத்து வெளிவந்தது. எவரெட் கொண்டுவந்தார், நான் வரைந்தேன், அதைப் பார்த்து வீச் ஆளனுப்பினார், ஹூக்கர் பெயரிட்டார் என்று நாலு பேருடைய வேலையையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு அதில் அவர் நகர்ந்துவிடுகிறார். 'கண்டுபிடித்தேன்' என்று உரிமை கொண்டாடவில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது பிற்காலத்து ரசிகைகளான நாம்தான். ஆண் சாகசக்காரர்களின் பட்டியலில் ஒரு பெண்ணையும் சேர்த்துவிடும் அவசரத்தில், அவருடைய நேர்மையான ஒரு வரியை அடித்துவிட்டோம். பட்டியல் எப்படித் தயாரானது என்று கேட்கவில்லை.

மரியானின் வரி எவரெட்டோடு நின்றுவிடுகிறது. மாணவி கேட்டது அதற்கு முந்தைய கண்ணியை. எவரெட்டுக்கு யார் காட்டினார்கள்?

அந்தச் சுண்ணாம்புக் குன்றுகள் கூச்சிங்குக்குத் தென்மேற்கே பாவு வட்டாரத்தில் இருக்கின்றன. பிடாயு மக்களின் ஊர். தங்கம் தேடிவந்த சீனச் சுரங்கத் தொழிலாளர்களும் அங்கே குடியேறினார்கள். 1857இல் அவர்கள் புரூக் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து கொடூரமாக ஒடுக்கப்பட்டார்கள். ஆக, பாதையில்லாத காடு என்பது வெளியிலிருந்து வந்தவர்களின் கண்ணுக்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடக்கத் தெரிந்த இடம். சரவாக்கில் பிடாயு மக்கள் வேறோர் இனக் குடுவையில் அரிசி நிரப்பி வேகவைத்துச் சாப்பிடுவதுண்டு. மலாய் மொழியில் இச்செடிக்குக் 'குரங்கின் பானை' என்று பெயர். இந்தியாவின் ஒரே குடுவைச் செடி மேகாலயாவில் வளர்கிறது, காரோ மக்கள் அதைப் 'பேயின் கூடை' என்கிறார்கள். பானை, கூடை என்பவை அடுப்படியிலும் தோளிலும் புழங்குகிற சொற்கள். ஹெலனின் கோப்பைக்கு முன்பே இந்தச் செடிகளுக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களுக்குப் பெயரிட்டவர் என்று யாரும் பதிவில் இல்லை.

அந்தப் பாறையில் எவரெட்டுக்கு வழிகாட்டியது ஒரு பிடாயு ஆணா, பெண்ணா, சீனத் தொழிலாளியா என்று இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு பொய்யான கதாநாயகியை உண்டாக்கியவளாவேன். ஓவியத்திலும் பெயரிலும் தன்வரலாற்றிலும் அந்த இடம் காலியாக இருக்கிறது. காலி இடத்தைக் காலியாகவே காட்டுவதும் விமர்சனத்தின் வேலை.

விருந்தாளியின் கண்

மரியானின் பயணத்தைச் சாத்தியமாக்கியது தைரியம் மட்டும் என்று நான் சொல்லிவந்தேன். அப்பா ஃபிரெடெரிக் நார்த் நாடாளுமன்ற உறுப்பினர். 1869இல் அவர் இறந்த பிறகு குடும்பச் சொத்து மகளுக்குச் செலவுக்கு இருந்தது. போன நாடுகளில் பலவற்றில் ஆங்கிலேய அதிகாரியோ தோட்ட முதலாளியோ அறிமுகக் கடிதத்தைப் பார்த்து வரவேற்றார்கள். அரண்மனையில் தங்கவைத்த ராணி மார்கரெட், 1913இல் எழுதிய தம் சரவாக் நினைவுகளில் மரியானை அன்போடு நினைவுகூர்கிறார். இரண்டு பெண்களுக்கிடையே உண்மையான நட்பு இருந்தது. அந்த நட்புக்குச் சமைத்துப் போட்டவர்கள், படகு வலித்தவர்கள், வண்ணப்பெட்டி சுமந்தவர்கள் உண்டு.

சரவாக்குக்குப் பிறகு மரியான் இலங்கைக்குப் போனார். களுத்துறையில் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அவரைப் படமெடுத்தார். கேமரன் அங்கே உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்த படங்களும் நம்மிடம் இருக்கின்றன. மரியானின் படத்தில் பெயர் இருக்கிறது. மற்றவர்களின் படங்கள் பெரும்பாலானவற்றில் இல்லை.

1877 இறுதியில் அவர் நம் பக்கம் வந்தார். மதுரையையும் தஞ்சாவூரையும் பார்த்தார், வரைந்தார். நம் பாட்டிமார் வாயில் தாது வருஷப் பஞ்சம் என்று நின்றுபோன பஞ்சம் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் கப்பலேறித் தோட்டங்களுக்குப் போனார்கள். கோயிலும் தென்னையும் பூவும் நிறைந்த அவருடைய தென்னிந்திய ஓவியங்களை நாம் அந்த வருடத்தை நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும். இதனால் அவருடைய ஓவியங்கள் பொய்யாகிவிடாது. எதைப் பார்ப்பதற்காக ஒருவர் அழைக்கப்பட்டிருக்கிறார், எங்கே அவர் கண் இயல்பாகத் திரும்பாது என்பது தெரியும்.

பெண் என்பதால் ஒதுக்கப்பட்டவரும், வெள்ளையர் என்பதால் அரண்மனையில் தங்கியவரும் ஒருவரே. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பாதி வாசிப்புதான். சாதியைப் பேசாமல் பெண்களைப் பற்றிப் பேசியவர்களிடம் நம் ஊர்த் தலித் பெண்கள் கேட்ட கேள்வியும் இதுதான்.

பாறைக்கு என்ன ஆயிற்று

கண்டுபிடிப்பின் கதை 1881இல் முடியவில்லை, செடிக்கு அங்கேதான் தொடங்கியது. நெப்பந்தஸ் நார்த்தியானா உலகில் வேறெங்கும் கிடையாது. பாவு வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம்வரை மட்டும் வளர்கிறது. குடுவை 40 சென்டிமீட்டர்வரை நீளும். அந்த அளவும் நிறமுமே அதற்கு வினையாயின. கைக்கு எட்டும் இடங்களில் இருந்த செடிகளைச் சேகரிப்பவர்கள் பெருமளவு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியவற்றில் பல, யாரும் ஏற முடியாத செங்குத்துச் சுவர்களில் இருக்கின்றன. கல் குவாரிகள் அந்தச் சுவர்களையே தின்கின்றன.

இன்னொரு நுட்பம் உண்டு. நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் பூச்சி பறந்து போகும் தூரத்தில் ஒரே சமயத்தில் பூத்தால்தான் விதை. ஒரு பாறையில் பத்துச் செடி இருந்து, அழகானவை என்று ஆறைப் பிடுங்கினால், மிச்சம் நாலும் ஒரே பாலாக இருந்துவிடக்கூடும். அவை பல வருடம் உயிரோடிருக்கும், சந்ததி இருக்காது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. நெப்பந்தஸ் இனங்கள் எல்லாவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. இப்போது அரிய குடுவைச் செடிகளைப் பார்க்கும் ஆய்வாளர்கள் பலர் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதில்லை. கர்டிஸைத் திணறவைத்த அந்த 'எந்த இடம் என்று தெரியாத' நிலையே இன்று செடிக்குப் பாதுகாப்பு. எந்தப் பாறை என்ற விவரம் மரியானின் ஓவியத்தில் இல்லாதது, அவர் நினைக்காமலே செய்த நன்மையாகத் தோன்றுகிறது.

அவருடைய ஓவியங்கள் இன்னும் முடிந்துவிடவில்லை. மத்தாங் காட்டுச் செடிகளை வரைந்த இன்னோர் ஓவியத்தில் நீலக் காய்களோடு ஒரு செடி பெயரில்லாமல் இருந்தது. கியூவில் பணியாற்றிய ஓவியர் டியான்யி யூ அதைக் கவனித்து, 1973இல் சேகரித்து வைக்கப்பட்டிருந்த உலர் மாதிரியோடு ஒப்பிட்டு, புதிய இனம் என்று உறுதி செய்தார். 2021இல் அதற்குச் சசாலியா நார்த்தியானா என்று பெயர் வைத்தார்கள். யாரும் பாறை ஏறவில்லை, எதையும் பிடுங்கவில்லை. சுவரில் தொங்கியதை ஒருவர் பொறுமையாகப் பார்த்தார். பிடிக்காமலும் காண முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது. ஆனால் அந்தப் பெயரிலும் காட்டின் மனிதர்கள் யாரும் இல்லை.

மரியானை நான் கைவிடவில்லை. என் ஸ்லைடில் அந்த ஓவியம் இப்போதும் இருக்கிறது. கீழேயுள்ள வரியை மட்டும் மாற்றிவிட்டேன்: 'வரைந்தவர்: மரியான் நார்த். கொண்டுவந்தவர்: எவரெட். பெயரிட்டவர்: ஹூக்கர். விற்றவர்: வீச். பாறையைக் காட்டியவர்:' அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

கைதட்டல் முன்பு போல வருவதில்லை. கடைசி வரி தட்டச்சுப் பிழையா என்று ஓரிருவர் கேட்பார்கள். அப்போது அந்த அம்மாச்சியின் கதையைச் சொல்வேன். அவருடைய பெயரை அந்த மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அச்சில் போடலாமா என்று அம்மாச்சியிடமே கேட்டுச் சொல் என்றேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: "அவங்க புஸ்தகத்துலதான் எம் பேரு வரணும், உங்க டீச்சர் புஸ்தகத்துல எதுக்கு?"

அவர் சொன்னது சரி. அதனால் இங்கும் அவர் பெயர் இல்லை.